அங்கீகாரம் இருக்கிறது, நோயாளிகள் இருக்கிறார்களா?

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் மாவட்டத் தலைநகரங்களின் பேருந்து நிலையச் சுவர்களையும் ஆட்டோக்களின் முதுகையும் நர்சிங் கல்லூரி விளம்பரங்கள் நிறைத்துவிடுகின்றன. வெள்ளைச் சீருடையில் ஒரு பெண், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கீழே பெரிய எழுத்தில் ‘அரசு அங்கீகாரம் பெற்றது’, ‘100% வேலைவாய்ப்பு’. மகளை நர்ஸாக்க நினைக்கும் பெற்றோர் கல்லூரி அலுவலகத்தில் கேட்கிற முதல் கேள்வியும் அங்கீகாரம் இருக்கிறதா என்பதுதான். இருக்கிறது என்று சொல்லிக் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்றைக் காட்டியதும் பேச்சு கட்டணத்துக்கும் ஹாஸ்டலுக்கும் போய்விடுகிறது. அந்தக் கேள்வியை அவசியம் கேட்க வேண்டும். ஆனால், ஒரு பெண்ணை நர்ஸாக்குவது எதுவோ அதைப் பற்றி அந்தச் சான்றிதழ் மிகக் குறைவாகவே சொல்கிறது. அங்கே படிக்கும் மாணவிகள் அருகில் நின்று கவனித்து, தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ள எத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள்? இதுவே அடுத்து, இன்னும் அழுத்தமாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான பதில் ஆய்வுக் குழுக்களின் அறிக்கைகளில் இருக்கிறது. அந்த அறிக்கைகள் பெற்றோர் கண்ணில் படுவதில்லை. அவை ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கைக்கு முன் பொதுவெளிக்கு வர வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் அங்கீகாரம் என்ற பெயரில் உலவும் தாள்களைப் பிரித்துப் பார்த்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரி நடக்க மாநில அரசின் அனுமதி ஆணை வேண்டும். 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலின் ஒப்புதல் வேண்டும். நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் என்றால், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைத் தவிர்த்து மற்ற கல்லூரிகளுக்கு, சென்னை கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் வேண்டும். மூன்றாண்டு டிப்ளமோவில் பல்கலைக்கழகத்துக்கு வேலையில்லை. இவற்றுக்கு மேலே, 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இந்தியன் நர்சிங் கவுன்சில் பாடத்திட்டம், ஆசிரியர் எண்ணிக்கை, மருத்துவமனை வசதி ஆகியவற்றுக்கு நாடு முழுவதற்குமான அளவுகோலை வகுத்து வந்திருக்கிறது. படிப்பை முடித்தவர் மாநில கவுன்சிலில் பெயரைப் பதிந்துகொண்டால்தான் அவர் நர்ஸ். அந்தப் பதிவு எண் கிடைக்குமா கிடைக்காதா என்பதை வைத்தே மற்ற எல்லாத் தாள்களையும் எடைபோட வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் விளம்பரப் பலகையில் இருக்கிற பாதி வாசகங்கள் உதிர்ந்துவிடும். ‘மத்திய அரசில் பதிவு பெற்றது’ என்று எழுதியிருக்கும். பதிவு பெற்றது அறக்கட்டளையாக இருக்கும். ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்வதற்கும் நர்ஸைப் பயிற்றுவிக்கும் உரிமைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஐ.எஸ்.ஓ. சான்று நிர்வாக நடைமுறைக்கானது. என்.ஏ.பி.எச். மருத்துவமனைக்கானது. நாக் என்று நாம் சொல்லும் தேசிய மதிப்பீட்டுக் குழுவின் தர எழுத்து கல்லூரி முழுவதையும் பொதுவாக மதிப்பிடுவது. அது நர்ஸாகப் பதிந்துகொள்ளும் உரிமையைத் தராது. கடை மாடிகளில் நடக்கும் ஆறு மாத, ஓராண்டு ‘நர்சிங்’ பயிற்சிகளை முடித்தவர்களுக்குப் பதிவு எண் கிடைக்காது. குறைந்த சம்பளத்தில் ஊசி போடும் வேலைக்கு அவர்களை வைத்துக்கொள்ளும் சிறு மருத்துவமனைகள் இருப்பதால்தான் அந்த மையங்கள் பிழைக்கின்றன. இதைவிட நுட்பமான சிக்கல் உண்மையான கல்லூரிகளிலேயே இருக்கிறது. ஒரே வளாகத்தில், ஒரே அறக்கட்டளைப் பெயரில் டிப்ளமோவும் பி.எஸ்சி.யும் நடக்கும், ஒன்றுக்கு அனுமதி இருக்கும், மற்றொன்றுக்கு ‘வந்துகொண்டிருக்கும்’. அனுமதித்த இடங்களுக்கு மேல் சேர்த்துக்கொள்வதும் உண்டு. அப்படிச் சேர்க்கப்பட்டவர்கள் தேர்வு எழுதும் நேரத்தில்தான் தங்கள் பெயர் பட்டியலில் இல்லை என்பதை அறிகிறார்கள். ஆகவே கல்லூரிக்கு அனுமதி உண்டா என்று கேட்டால் போதாது. இந்தப் படிப்புக்கு, இந்தக் கல்வியாண்டில், எத்தனை இடங்களுக்கு அனுமதி என்று கேட்க வேண்டும். பதிலைக் கல்லூரி தரும் நகலில் தேடக் கூடாது. கவுன்சில், பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பட்டியலில் பார்க்க வேண்டும்.

வெளிமாநிலத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு முடிச்சு இருக்கிறது. 1947 சட்டம் நர்சிங் தகுதிகளை, அதாவது பட்டங்களையும் டிப்ளமோக்களையும், அங்கீகரிப்பது பற்றிப் பேசுகிறது. அதை வைத்துத் தனித்தனிக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தர மத்திய கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டா என்பது நீதிமன்றத்துக்குப் போனது. 2017-இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அந்த அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. சட்ட நுணுக்கம் எப்படியிருந்தாலும், பெங்களூருவிலும் சுற்றுப்புறத்திலும் படிக்கப் போன கேரள, தமிழக மாணவர்களுக்கு அது பெரும் குழப்பமாக முடிந்தது. படித்த மாநிலத்தில் செல்லும் சான்றிதழைத் தங்கள் மாநில கவுன்சில் ஏற்குமா, வங்கி கல்விக் கடன் தருமா என்ற கேள்விகள் எழுந்தன. வேறு மாநிலத்தில் சேருமுன் சொந்த மாநில கவுன்சிலில் எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொள்வது இதனால்தான் அவசியமாகிறது.

இத்தனை தாள்களும் சரியாக இருந்துவிட்டால் கல்லூரி நல்லதுதானா? இங்கே மத்தியப் பிரதேசத்தைப் பார்க்க வேண்டும். அம்மாநிலத்தில் சட்ட மாணவர் அமைப்பு ஒன்று தொடுத்த பொதுநல வழக்கில் நர்சிங் கல்லூரிகள் மீது சிபிஐ விசாரணைக்கு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. போதிய கட்டடமோ மருத்துவமனையோ இல்லாத கல்லூரிகள், ஒரே ஆசிரியரின் பெயரைப் பல கல்லூரிகளில் காட்டும் வழக்கம் என ஒவ்வொன்றாக வெளிவந்தன. அத்தனையும் அனுமதி பெற்று நடந்தவை. சிபிஐ 300-க்கும் மேற்பட்ட கல்லூரிகளைப் பார்த்து, 169 கல்லூரிகள் தகுதியுள்ளவை என்று 2024-இல் அறிக்கை தந்தது. சில மாதங்களிலேயே, சாதகமான அறிக்கைக்காக லஞ்சம் வாங்கியதாக சிபிஐ தன் அதிகாரிகளையே கைது செய்ய நேர்ந்தது. தகுதியுள்ளவை எனப்பட்ட அந்த 169 கல்லூரிகளையும் நீதித்துறை அலுவலர் உடனிருக்க, வீடியோ பதிவோடு, மறுபடி ஆய்வு செய்ய உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. இதற்கிடையில் தேர்வுகள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயின. நான்காண்டில் முடிய வேண்டிய படிப்பு முடியாமல் வீட்டில் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களின் பெற்றோரும் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டுத்தான் சேர்த்தார்கள்.

இதை ஒரு மாநிலத்தின் கோளாறு என்று ஒதுக்கவும் முடியாது. 2025 பிப்ரவரியில், உயர்ந்த தர எழுத்துக்காக லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர்களை சிபிஐ கைது செய்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மூன்று நர்சிங் பள்ளிகள் ஏறக்குறைய 7,600 போலி டிப்ளமோக்களை விற்றிருந்தது 2023 ஜனவரியில் அம்பலமானது. அவற்றை வாங்கியவர்களில் சுமார் 2,400 பேர் உரிமத் தேர்விலும் தேறிவிட்டார்கள். அந்தச் செய்தியில் என்னை மிகவும் கலங்கவைப்பது இந்த எண்தான். புத்தகத்தைப் படித்துத் தேர்வில் தேறிவிட முடியும். ஒரு நோயாளியின் மூச்சு மாறுவதைக் கவனிக்கத் தெரியாமலேயே தேறிவிட முடியும். தாளும் தேர்வும் பிடிக்கத் தவறுவது வார்டில் பிடிபடும். அப்போது விலை கொடுப்பவர் கட்டிலில் படுத்திருப்பவர்.

நம் ஊரில் நர்சிங் கல்வி எப்படி வளர்ந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் முறை எங்கே தலைகீழானது என்று தெரியும். வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். 1902-இல் மருத்துவமனை வந்தது. நர்சிங் பள்ளி வந்தது 1909-இல்தான். பட்டப் படிப்பு 1946-இல். முதலில் நோயாளிகள், பிறகு அவர்களைக் கவனிக்க ஆள், பிறகு அந்த ஆட்களைப் பயிற்றுவிக்கப் பள்ளி. இன்று தனியார் துறையில் பல இடங்களில் முதலில் கல்லூரி வருகிறது. அனுமதி வாங்குவதற்காக மருத்துவமனை பின்னால் வருகிறது. அனுமதிக்காகக் கட்டிய மருத்துவமனையில் கட்டில்கள் இருக்கும். நோயாளிகள் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

மத்திய கவுன்சிலின் அளவுகோல்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சொந்த மருத்துவமனையில் குறைந்தது 100 படுக்கைகள் வேண்டும். அவற்றில் 75 சதவீதமாவது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள், பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது விகிதம். ஆண்டுக்கு 60 பேரைச் சேர்க்கும் பி.எஸ்சி. கல்லூரியில் நான்காண்டுக்குமாக 240 பேர் இருப்பார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர், 80 பேர், ஒரே நேரத்தில் வார்டில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் 240 நோயாளிகள் தேவை. நூறு படுக்கையில் 75 நிரம்பியிருந்தால் 25 மாணவிகளுக்குத்தான் சொந்த மருத்துவமனை போதும். மீதி 55 பேரும் வேறெங்கோ போயாக வேண்டும். போகும் இடம் பெரும்பாலும் மாவட்ட அரசு மருத்துவமனை. அங்கே ஏற்கெனவே அரசு மாணவிகள் இருப்பார்கள். மற்ற தனியார் கல்லூரிகளின் பேருந்துகளும் அதே வாசலில் நிற்கும். ஒரு பிரசவத்தைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றால் முன்வரிசைக்கு மட்டும்தான் பிரசவம் தெரியும். பின்வரிசையில் நின்றவரின் பதிவேட்டிலும் அது ஒரு பிரசவமாகவே ஏறும்.

அந்தப் பதிவேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாணவியின் கையிலும் ஒரு லாக் புக் இருக்கும். பார்த்த பிரசவம், உதவி செய்த பிரசவம், தானே நடத்திய பிரசவம், கதீட்டர் பொருத்தியது, மூக்கு வழி உணவுக் குழாய் போட்டது, புண்ணுக்குக் கட்டு மாற்றியது, குறைமாதக் குழந்தைக்குப் பாலூட்டியது என ஒவ்வொன்றுக்கும் பத்திகள் உண்டு; தேதியும் மேற்பார்வையாளரின் கையெழுத்தும் வேண்டும். நன்றாக நடக்கும் கல்லூரியில் அந்தப் புத்தகம் அழுக்காக இருக்கும். மூலை மடங்கி, பல நிற மையில், பல தேதிகளில், வெவ்வேறு கையெழுத்துகளோடு இருக்கும். நோயாளி இல்லாத கல்லூரியில் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதி நிரப்புவார்கள். சீனியர் மாணவி ஒருவரின் லாக் புக்கை ஐந்து நிமிடம் புரட்டினால் எது எந்த வகை என்று மருத்துவம் தெரியாத தகப்பனுக்கும் புரிந்துவிடும்.

ஆகவே கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் கல்லூரிக் கட்டடத்தோடு திரும்பிவிட வேண்டாம். திறப்பு நாள், ஆய்வு நாள் தவிர்த்து, சாதாரண வேலைநாளில் காலை பத்து மணிக்கு அதன் மருத்துவமனைக்குள் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். வெளிநோயாளிகள் வரிசை இருக்கிறதா? கட்டில்களில் ஆள் இருக்கிறார்களா, விரிப்பு மட்டும் இருக்கிறதா? மாதம் எத்தனை பிரசவம் நடக்கிறது? மாணவிகள் வாரத்தில் எத்தனை நாள், எந்த மருத்துவமனைக்கு, எந்த வார்டுக்குப் போகிறார்கள்? அவர்களுடன் ஆசிரியர் போகிறாரா, டிரைவர் மட்டும் போகிறாரா? மனநல மருத்துவமனைப் பயிற்சிக்கும் ஆரம்ப சுகாதார நிலையப் பயிற்சிக்கும் எங்கே அனுப்புகிறார்கள்? இந்தக் கேள்விகளுக்குச் சட்டென்று பதில் சொல்கிற கல்லூரி சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. இடையில் படிப்பை நிறுத்தினால் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தருவார்களா என்பதையும் கேட்டுவிட வேண்டும். பிடித்து வைத்துக்கொள்வதற்குச் சான்றிதழ் விற்பனைப் பொருளல்ல என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருந்தும் அந்த வழக்கம் இன்னும் ஒழியவில்லை.

வெளிநாட்டுக் கனவோடு படிக்கிறவர்களுக்கு இது நேரடியான காசு விவகாரம். அமெரிக்கா செல்ல விரும்பும் நர்ஸின் படிப்பை மதிப்பிடும்போது, பொது மருத்துவம், அறுவைச் சிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் என ஒவ்வொரு பிரிவிலும் வகுப்பில் எத்தனை மணி, வார்டில் எத்தனை மணி என்று பார்க்கிறார்கள். வளைகுடா நாடுகளுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு படித்த கல்லூரி வரைக்கும் கவுன்சில் வரைக்கும் வருகிறது. அப்போது கல்லூரி மூடப்பட்டிருந்தால் அலைய வேண்டியது படித்தவர்தான். பிரிட்டன் பதிவுக்குக் கணினித் தேர்வு மட்டும் போதாது. தேர்வாளர் முன் நின்று செய்து காட்டும் செயல்முறைத் தேர்வும் உண்டு. வார்டில் கை பழகாதவரின் தடுமாற்றம் அங்கே முதல் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் வழக்கமாக வரும் மறுப்பு ஒன்று உண்டு. கூலி வேலைக்குப் போகும் தாய், கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் தகப்பன், இவர்கள் மருத்துவமனைக்குள் போய்ப் படுக்கை எண்ணிக்கொண்டிருக்க முடியுமா, அதற்குத்தானே அரசும் கவுன்சிலும் இருக்கின்றன என்பார்கள். முழுவதும் நியாயம். பெற்றோரை ஆய்வாளர்களாக்குவது தீர்வாகாது. கலந்தாய்வு வழியாகப் போகிறவர்களுக்காவது அனுமதி பெற்ற கல்லூரிகளின் பட்டியல் கைக்கு வருகிறது. அது பெரிய பாதுகாப்பு. ஆனால் அந்தப் பட்டியலில் நிரம்பி வழியும் மருத்துவமனையைக் கொண்ட கல்லூரியும் காலிக் கட்டில்களைக் கொண்ட கல்லூரியும் ஒரே வரிசையில், ஒரே எழுத்தளவில் நிற்கின்றன. இரண்டுக்குமான வேறுபாடு ஆய்வுக் குழுவுக்குத் தெரியும். கல்லூரி நிர்வாகத்துக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டிய குடும்பத்துக்கு மட்டும் தெரியாது. பிலிப்பைன்ஸில் நர்ஸ் உரிமத் தேர்வு முடிவோடு எந்தக் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் எழுதி எத்தனை பேர் தேறினார்கள் என்பதையும் அரசு வெளியிடுகிறது. அமெரிக்க மாநில வாரியங்களும் பள்ளி வாரியாகத் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகின்றன. அதனால் மோசடி ஒழிந்துவிடவில்லை. புளோரிடா அதற்குச் சாட்சி. ஆனாலும் சாதாரணக் குடும்பம் ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஓர் எண்ணாவது கிடைக்கிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. நாட்டில் நர்ஸ்கள் பற்றாக்குறை இருக்கும்போது விதிகளை இறுக்கினால் கல்லூரிகள் மூடப்படும், பற்றாக்குறை கூடும் என்கிறார்கள். தமிழ்நாட்டின் அனுபவம் வேறு கதை சொல்கிறது. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வாகி அரசு மருத்துவமனைகளில் சேர்ந்த ஆயிரக்கணக்கான நர்ஸ்களுக்கு மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். அதற்கும் போட்டி போட ஆள் இருந்தார்கள். நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் தெருவில் நின்று போராடினார்கள். தனியார் மருத்துவமனை நர்ஸ்களுக்குக் குறைந்தது 20,000 ரூபாய் சம்பளம் என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2016-இல் அமைந்த குழு பரிந்துரைத்தது; சிறு நகர மருத்துவமனைகளில் அந்தத் தொகையைக் கேட்டால் வேலை கிடைக்காது. இங்கே சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமாக இருப்பவை நிரந்தரப் பணியிடங்கள், கௌரவமான சம்பளம், வார்டில் தைரியமாகத் தனியே நிறுத்தக்கூடிய பயிற்சி. நோயாளி இல்லாத கல்லூரி இவற்றில் எதையும் கூட்டுவதில்லை. அதில் படித்தவர்கள் குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொள்ள நேர்கிறது. நன்றாகப் பயின்றவர்களின் சம்பளமும் அதோடு சேர்ந்து இறங்குகிறது.

ஆய்வு அறிக்கைகளை வெளியிட்டால் சிற்றூர்க் கல்லூரிகள் பெயர் கெட்டு அழிந்துவிடும் என்று நிர்வாகங்கள் அஞ்சக்கூடும். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. நெடுஞ்சாலையோரம் கண்ணாடிக் கட்டடம் கட்ட முடியாத, ஆனால் சுற்றுவட்டாரமே நம்பி வரும் மருத்துவமனையை நாற்பது ஆண்டுகளாக நடத்தும் மிஷன் நிறுவனத்துக்கோ அறக்கட்டளைக்கோ இன்று விளம்பரத்தில் போட்டி போட வழியில்லை. மாதம் எத்தனை பிரசவம் என்ற ஓர் எண் வெளியானால் அதற்கு வேறு விளம்பரமே தேவைப்படாது.

2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு உதவி ஆணையச் சட்டம் 1947 சட்டத்துக்கு மாற்றாக வந்தது. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் குறிக்க அதில் தனி வாரியமே உண்டு. அந்த வாரியம் ஒரு தர எழுத்தைக் கொடுத்துவிட்டு நின்றால் நாக் சென்ற வழியிலேயே இதுவும் போகும். தரத்துக்கு அடிப்படையான எண்களைக் கல்லூரிக்கு ஒரு பக்கம் வீதம், அந்தந்த மாநில மொழியில், கலந்தாய்வுக்கு முன் வெளியிட வேண்டும். படுக்கை எத்தனை, சராசரி உள்நோயாளிகள் எத்தனை, மாதப் பிரசவம் எத்தனை, பயிற்சிக்குப் போகும் மருத்துவமனைகள் எவை, அங்கே ஒரே நாளில் மற்ற கல்லூரி மாணவிகள் எத்தனை பேர், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பதிவு எண் பெற்றார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆசிரியர் பட்டியலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு நர்ஸுக்கும் நாடளாவிய தனி அடையாள எண் தரும் பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது. அந்த எண்ணோடு ஆசிரியர் பட்டியலை ஏற்றினால் ஒருவரே நான்கு கல்லூரிகளில் காட்டப்படுவதைக் கணினி அன்றைக்கே பிடித்துவிடும்.

அது நடக்கும் வரை பெற்றோருக்கு ஒரு வழி இருக்கிறது. மாநில கவுன்சிலும் மருத்துவப் பல்கலைக்கழகமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. சேர நினைக்கும் கல்லூரியின் கடைசி ஆய்வு அறிக்கையின் நகலை 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டுக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும். முடிவு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு மனுவை அனுப்பிவிட வேண்டும்.